குழி விழுந்த கல்லும் கூர் ஏறாத இழைப்புளியும்

ஐப்பசி மழைக்கு எங்கள் வீட்டுப் பூஜை அறைக் கதவு ஊதிக்கொண்டு நிலையில் இடிக்க ஆரம்பித்தது. தேக்குக் கதவு, தாத்தா செய்தது. விளிம்பைக் கொஞ்சம் இழைத்தால் போதும், அதற்கு ஆள் கூப்பிட வேண்டாம் என்று பரணில் இருந்த அவருடைய பெட்டியை இறக்கினேன். மர இழைப்புளி நல்ல நிலையில் இருந்தது. கட்டை விரியவில்லை, ஆப்பு இறுக்கமாக உட்கார்ந்தது, தகட்டில் மேல் துரு மட்டும்தான். ஆனால் கதவில் வைத்துத் தள்ளினால் சீவல் வரவில்லை, தூள்தான் வந்தது. இரண்டாவது தள்ளலில் ஒரு இடத்தில் சிராய் பிய்த்துக்கொண்டு போனதும் நிறுத்திவிட்டேன்.

பெட்டிக்குள்ளேயே மூன்று கற்கள் இருந்தன. கைக்கு முதலில் வந்ததை எடுத்து, தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ஒரு மணி நேரம் தகட்டைத் தேய்த்தேன். முதலில் இருந்ததைவிட மோசமானது. நடுவில் வெட்டுகிறது, ஓரங்களில் தொடவே இல்லை. இரும்பே போய்விட்டது, புதுத் தகடு வாங்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டு, எதற்கும் கேட்போம் என்று திருச்செங்கோட்டில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் தாத்தாவிடம் பன்னிரண்டு வருடம் வேலை பழகியவர்.

"தகட்ட விடு சாமி, கல்லப் பாரு. கல்லு குழிஞ்சு கெடந்தா தகடு எப்படி நேரா வரும்? ஸ்கேல வெச்சுப் பாத்தியா?"

"இல்லீங்க பெரியப்பா."

"முதல்ல அதப் பாரு. அப்புறம் அது என்ன கல்லுன்னு பாரு. மூணும் ஒண்ணு இல்ல."

அன்று மாலையே ஒரு அடி இரும்பு ஸ்கேலை விளிம்பு கீழே இருக்கும்படி கல்லின் நீளவாக்கில் நிறுத்தி, பின்னால் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நடுவில் வெளிச்சம் பட்டையாக வந்தது. மெக்கானிக் கடையில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வாங்கி வந்து நுழைத்ததில், ஆழமான இடத்தில் ஒரு மில்லிமீட்டரும் அதற்கு மேலேயும் போயிற்று. எட்டு இன்ச் நீளக் கல்லில் ஒரு மில்லிமீட்டர் என்பது பெரிய பள்ளம். அகல வாட்டத்திலும் அதே கதை, இரண்டு ஓரமும் மேடு, நடு தாழ்வு. சின்ன உளிகளை எல்லோரும் நடுக்கோட்டிலேயே தேய்ப்பதால் வருடக்கணக்கில் அங்கேதான் தேயும். அந்தத் தொட்டிலில் இரண்டு இன்ச் தகட்டை வைத்துத் தேய்த்தால், தகட்டின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, பள்ளத்தின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வில்லாக வளைகிறது. ஒரு மணி நேரம் நான் செய்த வேலை, தகட்டை அந்தப் பள்ளத்துக்குப் பொருத்தமாக மாற்றியதுதான். உளிக்கு இது இன்னும் கெடுதல், ஏனென்றால் உளியின் முதுகு, அதாவது சரிவு இல்லாத பக்கம், தட்டையாக இருந்தால்தான் துளை நேராக இறங்கும்.

சரி, கற்கள். மூன்றும் எண்ணெயும் தூசியும் ஏறி ஒரே கறுப்பாக இருந்தன. இந்த நிலையில் எந்தச் சோதனையும் செய்யக் கூடாது. நான் செய்து பார்த்தேன், தண்ணீர்ச் சொட்டு மூன்றிலும் முத்து மாதிரி நின்றது, ஒன்றும் தெரியவில்லை. பழைய எவர்சில்வர் தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நாள் ஊறவைத்தேன். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்கக் கறுப்புக் குழம்பு வந்துகொண்டே இருந்தது, மண்ணெண்ணெயை நான்கு தடவை மாற்றினேன். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். கொதிக்கும் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள், பழைய கல் விரிசல் விடும். தாத்தா காலத்தில் நல்லெண்ணெயும் விட்டிருக்கிறார்கள் என்று பெரியப்பா சொன்னார். நல்லெண்ணெய் காற்றில் மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டுப் பிசினாகும், கல்லின் துளைகளில் இரும்புத்தூளைச் சேர்த்துக்கொண்டு அடைத்துவிடும். மேலே பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகி, தகடு வழுக்குமே தவிர வெட்டுப்படாது. சமையல் எண்ணெய் எதுவும் கல்லுக்கு ஆகாது. தையல் மிஷின் எண்ணெய் மாதிரி மெலிந்த கனிம எண்ணெய்தான் சரி.

கழுவிக் காயவைத்த பிறகுதான் ஒவ்வொன்றும் அதனதன் நிறத்தைக் காட்டியது.

முதல் கல், நான் தேய்த்தது, கருஞ்சாம்பல். பக்கவாட்டில் பார்த்தால் பாதிக்குப் பாதி ஒரு கோடு ஓடுகிறது, இரண்டு அடுக்கு சேர்த்துச் செய்தது. ஒரு பக்கம் சொரசொரப்பு கண்ணுக்கே தெரியும், மறுபக்கம் நைஸ். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் சின்னச் சின்னப் பொறி மாதிரி மின்னுகிறது, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி ஒட்டியது போல இருக்கிறது. தண்ணீர்ச் சொட்டை இப்போது உடனே குடித்தது. தேய்த்தால் மேலே மணல் மாதிரித் துகள் கழன்று வருகிறது. இதெல்லாம் சேர்ந்தால் சிலிக்கான் கார்பைடு, நம் பட்டறைகளில் கார்போரண்டம் என்று சொல்லும் கல்.

அந்தப் பெயரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1891இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் ஏச்சிசன் என்பவர், செயற்கை வைரம் செய்யும் முயற்சியில் களிமண்ணையும் கரித்தூளையும் சேர்த்து மின்சாரத்தால் காய்ச்சியபோது கருநீலப் படிகங்கள் கிடைத்தன. கார்பனும் கொரண்டம் என்ற கடினமான தாதுவும் சேர்ந்தது என்று நினைத்து இரண்டு பெயரையும் ஒட்டி கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது கார்பனும் சிலிக்கானும், ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. அந்தக் கொரண்டம் என்ற ஆங்கிலச் சொல் நம் குருந்தத்தில் இருந்து போனது. எங்கள் நாமக்கல் மாவட்டத்திலேயே, பரமத்தி வேலூர் பக்கம் சித்தம்பூண்டியில் பாறைக்குள் குருந்தம் கிடைக்கிறது. அதைப் பொடித்து அரக்கோடு உருக்கிச் சேர்த்துத்தான் முன்பெல்லாம் சாணைச் சக்கரம் வார்த்தார்கள். தாத்தா "காரபண்டம் கல்லு" என்று சொன்னதை நாங்கள் பிள்ளைகள் சிரித்துத் திருத்துவோம். பாதி தமிழாக இருந்த சொல்லைத்தான் அவர் தமிழாகச் சொல்லியிருக்கிறார், அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கல் ஆரஞ்சு கலந்த பழுப்பு. சின்னது, ஒரு முனை உடைந்து நான்கு இன்ச்சுக்கும் குறைவாகத்தான் மிச்சம். இதில் மினுமினுப்பு இல்லை, லென்ஸில் பார்த்தாலும் சர்க்கரைப் பாகு உறைந்தது மாதிரி நெருக்கமாக இருக்கிறது. சோப்பு போட்டுக் கழுவிய பிறகும் விரலுக்கு லேசான மெழுகுத் தன்மை. தேய்த்தால் துகள் கழல்வதே இல்லை, ஆனால் தகட்டில் இருந்து இரும்பைச் சாம்பல் கோடாக எடுக்கிறது. அலுமினியம் ஆக்சைடு, அதாவது செயற்கைக் குருந்தம். இந்தக் கற்களைத் தொழிற்சாலையிலேயே எண்ணெய் ஏற்றி அனுப்புவார்கள், அதனால் மெழுகுத் தன்மையை அழுக்கு என்று நினைத்துச் சுரண்டிக்கொண்டிருக்கக் கூடாது. பழைய ஃபிட்டர்கள் இதை 'இந்தியா ஸ்டோன்' என்பார்கள், அமெரிக்காவின் நார்ட்டன் கம்பெனி வைத்த பெயர் அது.

மூன்றாவதுதான் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. பத்து இன்ச்சுக்கு ஆறு இன்ச், தடித்த கறுப்புப் பலகை, வழவழப்பு, கனம். அபூர்வமான இயற்கைத் தீட்டுக்கல் ஏதாவது இருக்குமோ என்று ஆசைப்பட்டேன். சமையலறைத் தராசில் எடை பார்த்து, அப்புறம் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்து, குறைந்த எடையால் முதல் எடையை வகுத்தேன். 2.7 வந்தது. இது ஒன்றுக்கும் உதவாத எண். சுண்ணாம்புக்கல்லும் அங்கேதான், ஸ்லேட்டும் அங்கேதான், கிரானைட்டும் கிட்டத்தட்ட அங்கேதான். பிறகு ஒரு மூலையை ஆணியால் கீறினேன், வெள்ளைக் கோடு சுலபமாக விழுந்தது. ஆணியே கீறுகிற கல் கடினப்படுத்திய எஃகை எப்படித் தேய்க்கும்? கீறியதில் வந்த பொடியின் மேல் வினிகர் விட்டேன், நுரைத்தது. கடப்பா கல். சமையல் மேடைக்கும் தரைக்கும் போடும் அதே சுண்ணாம்புக்கல், எலுமிச்சைச் சாறு சிந்தினால் பளபளப்பு போகும் என்று வீட்டில் திட்டுவார்களே, அதுதான்.

தீட்ட உதவாத கல்லைத் தாத்தா ஏன் தச்சுப் பெட்டியில் வைத்திருந்தார்? மறுபடியும் போன்.

"அது தீட்டற கல்லு இல்ல சாமி. அதுல மணலப் போட்டுத் தண்ணி விட்டு, காரபண்டம் கல்லக் கவுத்துப் போட்டுத் தேய்ப்பாரு. வாரம் தவறாமத் தேய்ப்பாரு. உங்கப்பா காலத்துல யாரு செஞ்சா?"

அப்பா தச்சு வேலைக்குப் போகவில்லை, பெட்டி நாற்பது வருடம் இரவல் கைகளில் இருந்தது. உளி தீட்ட வருகிறவர்கள் கார்போரண்டத்தை மட்டும் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள், கடப்பா பலகையை யாரும் தொடவில்லை. குழி வந்தது அப்படித்தான்.

முதலில் கார்போரண்டத்தைக் காப்பாற்றலாம் என்று முடிவு செய்தேன். நல்ல கல், ஒரு மில்லிமீட்டர் போனாலும் தடிப்பு நிறைய இருக்கிறது. ஆனால் ஆற்று மணலால் அவ்வளவு ஆழத்தை எடுக்க மாதக்கணக்கில் ஆகும், மணலைவிடக் கல்தானே கடினம். வாரா வாரம் சமன் செய்கிறவருக்குத்தான் மணல் போதும். மொசைக் தரை பாலிஷ் போடுகிறவர்களிடம் கார்போரண்டம் பொடி கிடைக்கும், 80 நம்பர் கால் கிலோ வாங்கினேன் (நம்பர் கூடக் கூடத் துகள் நைஸ்). அடியில் வைக்க கிரானைட் கடையில் வெட்டிப் போட்ட துண்டு ஒன்று சும்மாவே கொடுத்தார்கள். கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கிரானைட் மேல் ஒரு ஸ்பூன் பொடியும் கொஞ்சம் தண்ணீரும் வைத்து, கல்லைக் கவிழ்த்து எட்டுப் போடுகிற மாதிரித் தேய்த்தேன். முதலில் ஓரத்துக் கோடுகள் மட்டும் அழியும், நடுவில் கோடு அப்படியே இருக்கும், அந்தக் கோடு இருக்கிற இடம்தான் பள்ளம். பொடி மழுங்கிச் சேறாகிவிட்டால் சத்தம் மாறும், கரகர என்பது சொதசொத என்றாகும். அப்போது கழுவிவிட்டுப் புதுப் பொடி. மூன்று மாலை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். இருபது முப்பது தள்ளலுக்கு ஒரு தடவை கல்லைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நம் கைப் பலம் விழும் பக்கம் சரிந்துவிடும். மூன்றாம் நாள் நடுவில் இருந்த கடைசிக் கோடு அழிந்தது, ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் இல்லை.

பழுப்புக் கல் உடைந்தது உடைந்ததுதான். நான்கு இன்ச்சில் இழைப்புளித் தகட்டைத் தேய்க்க இடம் இல்லை. அதைச் சின்ன உளிக்கும் கத்திக்கும் என்று ஒதுக்கிவிட்டு, அந்த இடத்துக்குப் புதிது தேடினேன்.

இங்கே ஒரு தடவை பணத்தை விட்டேன். ஆன்லைனில் 3000/8000 என்று போட்டிருந்த பெயர் தெரியாத இரட்டைக் கல் ஒன்று, விலை குறைவு, நட்சத்திரம் நிறைய. வந்தது, வெள்ளைப் பக்கம் 8000 என்று அச்சடித்திருந்தது. சந்தேகம் வந்ததால், ஏற்கெனவே மெருகேற்றியிருந்த ஒரு உளியின் முதுகில் நான்கு தடவை தேய்த்து லென்ஸில் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்த இரும்பில் உழவு ஓட்டியது போல கீறல். பக்கத்தில் 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துப் பார்த்தேன், கீறல் இரண்டும் ஒன்றுக்கொன்று குறைவில்லை. 8000 என்றால் துகள் இரண்டு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) கீழே இருக்க வேண்டும், வாட்டர் பேப்பர் பி1000இல் 18 மைக்ரான். கல்லில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாமல் அது போடும் கீறலைப் பாருங்கள், யார் வாங்கினாலும் முதல் நாளே இதைச் செய்யுங்கள், திருப்பி அனுப்பத் தேதி இருக்கும்போதே. இன்னொன்று, கல்லில் இருக்கும் எண்ணும் வாட்டர் பேப்பரில் இருக்கும் எண்ணும் ஒரே அளவுகோல் இல்லை. ஜப்பான் கணக்கில் 1000 என்றால் பத்துப் பதினைந்து மைக்ரான், அது பி1000ஐ விட நைஸ்.

அந்தக் கல்லைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஜப்பானின் கிங் 1000/6000 தண்ணீர்க் கல் வாங்கினேன். வைரத்தூள் ஒட்டிய தீட்டும் தகடும் யோசித்தேன். அது குழியாகாது, அது ஒன்றே பெரிய நிம்மதி. ஆனால் நைஸான வைரத் தகடு எனக்குக் கட்டுப்படியாகவில்லை. எண்ணெய்க் கல் மறுபடி வேண்டாம் என்றதற்குக் காரணம், எண்ணெய்க் கையோடு தேக்கைத் தொட்டால் மரத்தில் கறை, அதன் மேல் பாலிஷ் பிடிக்காது. தண்ணீர்க் கல் மென்மையானது, துகள் கழன்று கழன்று புதிதாக வருவதால் வேகமாக வெட்டும், அதே காரணத்தால் வேகமாகக் குழியும். ஒவ்வொரு தடவையும் கண்ணாடி மேல் ஒட்டிய 220 வாட்டர் பேப்பரில் பத்துத் தள்ளல் என்று பழக்கமாக்கிவிட்டால் குழியே தெரியாது. 1000 பக்கம் பத்து நிமிஷம் தண்ணீரில் ஊறினால் போதும், குமிழி வருவது நிற்கும். 6000 பக்கத்தை ஊறப்போடத் தேவையில்லை, தண்ணீர் தெளித்தாலே போதும். காயவைப்பது நிழலில்தான், நம் ஊர் வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

இப்போது தகடு. சமனான கார்போரண்டத்தின் சொரசொரப்புப் பக்கத்தில், நான் கெடுத்து வைத்த வில் வளைவை நேராக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. மூலை மட்டத்தை வாயில் வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, மறுபடி பார்த்து. சரிவு இருபத்தைந்து டிகிரி வந்ததும், கையைக் கொஞ்சம் தூக்கி முப்பதில் தண்ணீர்க் கல்லின் 1000 பக்கம். தேய்க்கும்போது முதுகுப் பக்கம் விரலை வாய்க்கு வெளியே தள்ளி வருடிப் பார்த்தால் ஒரு பிசிர் தட்டுப்படும். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பிசிர் ஒரே மாதிரி வந்தால்தான் அடுத்த கல்லுக்குப் போக வேண்டும், நடுவில் மட்டும் வந்தால் இன்னும் வளைவு இருக்கிறது என்று அர்த்தம்.

1000இல் சரிவு மினுங்க ஆரம்பித்தபோது ஒன்று தெரிந்தது. சரிவின் குறுக்கே தெளிவான ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மங்கலான சாம்பல், கீழே வாய்ப் பக்கம் வெள்ளி மாதிரிப் பளபளப்பு. பச்சை இரும்பின், அதாவது மென்மையான இரும்பின், அடியில் மெல்லிய எஃகைக் காய்ச்சி ஒட்டிச் செய்த தகடு. பழைய தகடுகளில் இப்படிச் செய்வார்கள், வெட்டுவது அந்த மெல்லிய எஃகுதான், மேலே இருக்கும் இரும்பு தேய்க்கச் சுலபமாக இருப்பதற்கும் அடி தாங்குவதற்கும். எஃகு இன்னும் ஒரு இன்ச்சுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. இரும்பு போய்விட்டது என்று நான் தூக்கிப்போட இருந்த தகடு இது. பவர் கிரைண்டரில் பிடிக்காமல் விட்டதும் நல்லதாயிற்று, அங்கே ஒரு நொடி அதிகமாக அழுத்தி வாய் நீலம் பாரித்தால் எஃகின் கடினம் இறங்கிவிடும், அப்புறம் எந்தக் கல்லாலும் அதை ஏற்ற முடியாது.

முதுகையும் 1000, 6000 இரண்டிலும் தேய்த்தேன், முழு முதுகும் வேண்டாம், வாயை ஒட்டி ஒரு விரல்கடை கண்ணாடி மாதிரி ஆனால் போதும். 6000இல் சரிவுப் பக்கம் பத்து, முதுகுப் பக்கம் மூன்று என்று மாற்றி மாற்றித் தேய்த்ததில் பிசிர் தானே உதிர்ந்தது. கடைசியாகப் பழைய பெல்ட் தோலில் பின்னுக்கு இழுத்து ஆறு தடவை. கை முடியை மழிப்பது ஒரு சோதனைதான், ஆனால் அரைகுறைக் கூரும் முடியை மழித்துவிடும். மென்மையான மரத்தின் குறுக்கு வெட்டைச் சீவிப் பாருங்கள். கூர் குறைவாக இருந்தால் நார் நசுங்கி வெள்ளைப் புள்ளி விழும், நல்ல கூர் என்றால் மெழுகு தடவியது போல நிற்கும்.

பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டார். கதவைக் கழற்றித் திண்ணையில் சாய்த்து வைத்தோம். ஆப்பை அவர்தான் தட்டினார், கட்டையின் அடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்து, தகட்டின் வாய் ஒரு முடி அளவு தெரிகிற வரை கொட்டாப்புளியால் மெல்ல மெல்ல. என்னிடம் கொடுத்து "ஓட்டு" என்றார். ஸ்ஸ் என்று ஒரே சத்தமாக விளிம்பு முழுக்க ஓடியது, கட்டையின் வாயில் இருந்து சீவல் சுருண்டு என் மணிக்கட்டில் விழுந்தது. தேக்கு வாசனை. அவர் அந்தச் சீவலை எடுத்து நீட்டிப் பிரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார், இரண்டு ஓரமும் பார்த்தார், விரலால் தடவினார்.

"வலது ஓரம் கொஞ்சம் தடிப்பா வருது. தகட்ட எடது பக்கம் ஒரு தட்டு."

தட்டினேன். நான்கு ஓட்டில் கதவு நிலைக்குள் போய் உட்கார்ந்தது. சிராய் பிய்த்த இடத்தில் தேக்குத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்திருக்கிறேன், காய்ந்ததும் ஒரு ஓட்டு பாக்கி. கார்போரண்டத்தின் சொரசொரப்புப் பக்கம்தான் இதுவரை சமன் ஆகியிருக்கிறது, நைஸ் பக்கத்தில் இன்னும் அரை மில்லிமீட்டர் பள்ளம் இருக்கிறது, இந்த வாரம் அதற்கு. பெரியப்பா போகும்போது கடப்பா பலகையைக் கேட்டார், கொடுக்கவில்லை. அதில் பொடி போட்டு வாரம் ஒரு தடவை தேய்க்கப் போவது நான்தான் என்று சொன்னேன்.